பாட்டியை கவுண்டரில் நிறுத்தாதீர்கள்

வணக்கம் ஐயா,

நான் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. போன மாதம் எங்கள் கோவில் மண்டபத்தில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் ரப்பர் தோட்டத்து மக்களைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். கேள்வி நேரத்தில் எல்லாரும் கடாரத்தையும் ராஜேந்திர சோழனையும் பற்றியே கேட்டார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, "நாம வந்தேறி இல்லைன்னு ஒரே வரியில சொல்லுங்க சார்" என்றார். "அதுக்கு வரலாறு வேண்டாம், சட்டம் போதும்" என்றார் பேராசிரியர். பலருக்கு வருத்தம். வீட்டுக்கு வந்து 86 வயதான என் பாட்டியிடம், "நம்ம குடும்பம் எப்போ வந்துச்சு, எந்த ஊர்லேருந்து?" என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப என்னத்துக்கு" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். பேராசிரியர் சொன்னது சரியா? எங்கள் வரலாற்றை எந்தப் புத்தகங்களில் தொடங்கிப் படிக்கலாம்?

அன்புள்ள ஆசிரியைக்கு,

பேராசிரியர் சொன்னது சரி, நாம் இந்த நாட்டுக் குடிமக்கள் என்பதற்குச் சட்டம் போதும். புத்தகப் பட்டியலைப் பிறகு பார்ப்போம், அவை எங்கும் ஓடிப்போகாது. உங்கள் பாட்டிக்கு 86 வயது.

கடாரம், அதாவது பழைய கெடாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1025-இல் சோழர் கடற்படை வந்தது உண்மை. "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியே சொல்கிறது. வந்த படை கடாரத்தை அடித்தது, அள்ளியது, திரும்பியது. பழைய கடாரத்தின் சின்னங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மாணவர்களை ஒருநாள் அழைத்துப் போங்கள், நல்லது. ஆனால் உங்கள் பாட்டியின் அப்பா அந்தக் கப்பலில் வரவில்லை. கங்காணி என்ற தோட்டத்து மேஸ்திரி ஊருக்குப் போய் ஆள் சேர்த்த காலத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறியவர்கள். வடக்கே இருந்த தோட்டங்களுக்கு வந்தவர்கள் பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்து, அப்புறம்தான் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

மண்டபத்தில் ஒருவராவது 1947-ஐப் பற்றிக் கேட்டாரா? உங்கள் ஊரிலேயே நடந்தது அது. கெடா தோட்டங்களில் இளைஞர்கள் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள். கூலி வாங்கிய கை வீட்டுக்குப் போகும் முன் கள்ளுக்கடையில் காலியாவதை அவர்கள் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த மார்ச் தொடக்கத்தில் பீடோங்கில் போலீஸ் புகுந்து அடித்தது. ஓர் உயிர் போனது, பலர் சிறைக்குப் போனார்கள். ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு. இந்த ஊர்க்காரர்கள் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரை இரண்டு மணி நேரம் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு இதை விட்டுவிட்டு 1025-க்குப் போகிறார்கள் என்றால், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருஷம் கழித்து இன்றைய நம்மைப் பற்றி எழுதப்போகிறவருக்கு அந்தக் கேள்விகள்தான் ஆவணம். ராஜேந்திரன் நம்மிடம் ஒன்றும் கேட்கமாட்டார். 1947-இன் பையன்கள் கேட்பார்கள். கள்ளுக்குப் பதில் சம்சு என்ற மலிவுச் சாராயம் என்று ஆகிப்போன லயத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார்கள்.

"வந்தேறி இல்லை என்று சொல்லுங்கள்" என்று கேட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. யாரோ அவரை எங்கேயோ அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள், அந்தக் காயத்தோடு மண்டபத்துக்கு வந்திருக்கிறார். கோபம் உங்கள் மேல்தான் அம்மா. படித்தவர் நீங்கள். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் என்ன கேட்டீர்கள்? எப்போது வந்தீர்கள், எங்கிருந்து வந்தீர்கள். இமிகிரேஷன் அதிகாரி கேட்கிற அதே கேள்வி, அதே வரிசை! பெற்ற பேத்தியே கவுண்டரில் நிறுத்தினால் அந்தம்மா திரும்பிக்கொள்ளாமல் என்ன செய்வார்?

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றார்கள். அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் சிவப்பு ஐ.சி., அதாவது குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத்து ஜனங்கள் பல்லாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள். இந்தியாவுக்கு ரஜுலா கப்பல் ஏறிப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அப்போது உங்கள் பாட்டிக்கு முப்பது வயது இருக்கும். "எங்கேருந்து வந்தே" என்பதற்கு வாய் தவறிப் பதில் சொன்னால் என்ன ஆகும் என்று பக்கத்து வாசலிலேயே பார்த்திருப்பார். "என்னத்துக்கு" என்று அவர் சொன்னது மறதி இல்லை.

ஆகவே வேறு மாதிரி கேளுங்கள். வேலையைக் கேளுங்கள். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், சோறு யார் ஆக்கியது, பிள்ளையை ஆயா கொட்டகையில் விட்டது எத்தனை மாதத்தில், ஒரு நிரைக்கு எத்தனை மரம், மழைநாளில் கூலி உண்டா. ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் நடந்ததைக் கட்டாயம் கேளுங்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணி, ரப்பர் அளவு காட்டும் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்ப்பார். ரப்பர் கூடுதலாக இருக்கும் பால் லேசானது, அதில் கருவி ஆழ்ந்து போகும். தண்ணீர் சேர்ந்த பாலில் மேலே தூக்கி நிற்கும். மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணீர் விழுந்தாலும் அப்படித்தான் நிற்கும். அந்த ஒரு கோட்டில் கூலி குறையும், "தண்ணி கலந்துட்டே" என்ற பழியும் வரும். அந்தச் சண்டையை ஞாபகப்படுத்தினால் எந்த மூதாட்டியும் டிவியை அணைத்துவிடுவார்.

வருஷம் கேட்காதீர்கள், எண் தப்பாகத்தான் வரும். நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள். ஜப்பான்காரன் வந்தது 1941 டிசம்பர், கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிரான அவசரகாலம் 1948 ஜூன், சுதந்திரம் 1957. "கம்யூனிஸ்ட் காலத்துல வேலிக்குள்ள குடியேத்தினாங்களே, அப்ப பால் வெட்டப் போனீங்களா, பள்ளிக்கூடம் போனீங்களா?" என்றால் வயது தானாக வந்து நிற்கும்.

காலை பத்து மணிக்குப் போங்கள். மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் ஜிங்க் கூரைச் சத்தத்தில் ஒரு சொல்லும் பதியாது. காற்றாடியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை ஃபிளைட் மோடில் ஒரு முழ தூரத்தில் துணி மேல் வையுங்கள், மேசை மேல் வைத்தால் தட்டுகிற சத்தமெல்லாம் ஏறும். பதிவு செய்யலாமா என்று முதலில் கேளுங்கள். இரண்டு நிமிஷம் பதிந்து, போட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். முக்கால் மணிக்கு மேல் வேண்டாம். உங்கள் மாமாக்களை அறையில் வைக்காதீர்கள், பாட்டியின் பதிலை அவர்கள் சொல்லிவிடுவார்கள். நாலு கிழவிகளை ஒன்றாக உட்கார வைத்தாலும் அதே கதி, சத்தமாகப் பேசுகிறவரின் ஞாபகம் நாலு பேர் ஞாபகமாகிவிடும். அவர் 'மங்கு' என்றால் 'கிண்ணம்' என்று திருத்தி எழுதாதீர்கள். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் இறக்கிவிடுங்கள், அதற்கு மேல் போனால் பாதிச் சொல் உங்களுக்கே புரியாது.

காகிதங்களை இரண்டாம் நாள் கேளுங்கள், முதல் நாள் கேட்டால் மறுபடியும் கவுண்டர்தான். பழைய பிறப்புப் பத்திரம், தொழிற்சங்க அட்டை, கல்யாணப் பத்திரிகை, இ.பி.எஃப். என்ற தொழிலாளர் சேமநிதிக் கணக்கு. இ.பி.எஃப். 1951-இல் வந்தது, பழைய தாளில் தோட்டத்தின் பெயரே இருக்கும். பெயர் எழுத்து மாறியிருந்தால் பதறாதீர்கள், கிராணி காதில் விழுந்தபடி எழுதியது அது. எல்லா எழுத்துவகையையும் குறித்துக்கொண்டால் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய பத்திரிகைகளில் தேட உதவும். தோட்டத்துக் கோவில் சுவரில் 'உபயம்' என்று பெயரும் வருஷமும் வெட்டிய பளிங்குக் கல் இருந்தால் இந்த வாரமே படம் எடுங்கள். நிலம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்தால் முதலில் குப்பைக்குப் போவது அந்தக் கல்தான்.

அதெல்லாம் முடிந்து, பாட்டி தானாகப் பேச ஆரம்பித்த ஒருநாள், அவருக்கு எட்டு வயதிருக்கும்போது பீடோங்கில் கள்ளுக்கடை முன்னால் நடந்த கலவரம் பற்றி வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.