லாங் டிரிப் லாரி ஓட்டுறதுல நிஜமா எது கஷ்டம்? ரோட்டுல முன்னைக்கும் இப்பவுக்கும் என்ன மாறியிருக்கு?

லாங் டிரிப் டிரைவர் வாழ்க்கை எப்படி இருக்கும், டிரைவர்களுக்குள்ள முன்ன இருந்த ஒட்டுறவு இப்பவும் இருக்கான்னு கேட்டிருக்கீங்க. 26 வருசமா கனரக வண்டி ஓட்டுறேன், அதனால எனக்குப் பட்டதை சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

வெளிய இருந்து பாக்கறவங்க ஓட்டுறதுதான் கஷ்டம்னு நினைக்கறாங்க. எனக்கு ஓட்டுறது ஒரு நாளும் கஷ்டமா தெரிஞ்சதில்ல. லோடு சரியா கட்டி, டயர் பாத்து, டாப் கியர்ல விழுந்துட்டா வண்டி அது பாட்டுக்கு போகும், உடம்பும் அதோட சேர்ந்து ஓடும். ஆளை உருக்குறது காத்திருக்கறதுதான். காலைல 6 மணிக்கு வாங்கன்னு சொல்லுவாங்க, 6 மணிக்கு கேட்டுல நிப்போம், டோக்கன் குடுத்துட்டு போய் வரிசைல நில்லுங்கம்பாங்க, அப்பறம் பில்லு ரெடி ஆகலை, சரக்கு வரலை, ஏத்துற ஆளு மாத்து ஷிப்ட்டுக்கு போயிட்டாங்கன்னு ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லி பொழுது சாஞ்சிரும். ஒரு குடோன் வாசல்ல 14 மணி நேரம் நின்னிருக்கேன். கண்ணை மூடவும் முடியாது, ஏன்னா எப்ப நம்பரை கூப்பிடுவாங்கன்னு தெரியாது, கூப்பிட்டப்ப இல்லைன்னா வரிசைல கடைசிக்கு போகணும். டிரிப்புக்கு இவ்ளோ, கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு சம்பளம் பேசி ஓட்டுறவங்கதான் எங்கள்ல நிறைய பேர், அதனால நிக்கிற நேரத்துக்கு பெரும்பாலும் காசும் கிடையாது. அப்பறம் ராத்திரி 8 மணிக்கு லோடு ஏத்தி கதவை சாத்தி, காலைக்குள்ள போய் சேரணும்னு சொல்லி அனுப்புவாங்க பாருங்க, ஆபத்து அங்கதான் ஆரம்பிக்குது.

இந்த காத்திருப்பு இன்னைக்கு நேத்து வந்ததில்ல. இன்னைக்கு உலகம் பூரா ஓடுற கன்டெய்னர் முறையைக் கொண்டு வந்தவர்ல முக்கியமானவர் மால்கம் மெக்லீன்னு ஒருத்தர், அமெரிக்காக்காரர், அவரே லாரி ஓட்டி லாரி கம்பெனி வளர்த்தவர். 1937ல பஞ்சு மூட்டை ஏத்திக்கிட்டு துறைமுகத்துல நாள் பூரா காத்துக் கிடந்தப்ப, ஒவ்வொரு மூட்டையா தூக்கி கப்பல்ல போடறதுக்கு பதிலா பெட்டியோட தூக்கி வெச்சா என்னன்னு தோணுச்சுன்னு அவரே பிற்காலத்துல சொன்னதா சொல்லுவாங்க. 1956 ஏப்ரல்ல ஐடியல் எக்ஸ்ங்கற கப்பல் 58 பெட்டியோட கிளம்புச்சு, கப்பல் துறைமுகத்துல நிக்கிற நேரம் அதுக்கப்பறம் எங்கயோ குறைஞ்சு போச்சு. ஆனா லாரி நிக்கிற நேரம் மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கு. ஒரு டிரைவரோட அலுப்புல பொறந்த யோசனை எல்லாருக்கும் நேரத்தை மிச்சம் பண்ணிக் குடுத்துருச்சு, டிரைவருக்கு மட்டும் பண்ணலைங்கறது எனக்கு நிஜமாவே வருத்தம்.

தூக்கத்தைப் பத்தி சொல்லியே ஆகணும். தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தா, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கற ஆளு எவ்ளோ தடுமாறுவானோ கிட்டத்தட்ட அவ்ளோ தடுமாற்றம் வந்துரும்னு ஆராய்ச்சி பண்ணி சொல்லியிருக்காங்க. காலைல 5 மணிக்கு எந்திரிச்சு குடோன் வாசல்ல நின்னவனுக்கு ராத்திரி 10 மணிக்கே அந்த 17 மணி நேரம் முடிஞ்சிருது, அப்பதான் அவன் பாதி தூரத்துக்கும் வந்திருக்க மாட்டான். எனக்கு ஒரு தடவை நடந்துச்சு. விடிகாலை மூன்றரை மணி இருக்கும், நேர் ரோடு, முன்னாடி வண்டி இல்ல, எதிர்லயும் இல்ல. கண்ணு திறந்துதான் இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணுவேன், ஆனா திடீர்னு ஸ்டியரிங் கையில தடதடன்னு அதிருது, பாத்தா ஓரத்துக் கோட்டைத் தாண்டி சக்கரம் ஜல்லியில ஓடிட்டு இருக்கு. எத்தனை செகண்ட் போச்சுன்னு தெரியல. 80 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போகும், மூணு செகண்டுன்னு வெச்சாலும் 66 மீட்டர் வண்டியை யாருமே ஓட்டலைன்னு அர்த்தம். ஓரங்கட்டி இறங்கி, டயர் பக்கத்துல உக்காந்துட்டேன், அரை மணி நேரம் கால் நடுக்கம் நிக்கல. அன்னைல இருந்து விடிகாலை 3ல இருந்து 5 வரைக்கும் யாரு என்ன சொன்னாலும் ஓட்டுறதில்ல, லேட்டாச்சுன்னா லேட்டு. ஜன்னலைத் திறந்து விடறது, பாட்டு போடறது, முகத்துல தண்ணி அடிக்கறது எல்லாம் ஒரு பத்து நிமிசத்துக்குத்தான், தூக்கத்துக்கு தூங்கறதைத் தவிர வேற மருந்து கிடையாது, ஒரு 20 நிமிசம் வண்டியை நிறுத்தி கண்ணை மூடினாக்கூட ஆளு வேற ஆளாயிருவான்.

இதுக்குத்தான் சட்டம் போட்டிருக்காங்க. ஐரோப்பால நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிசம் நிறுத்தியே ஆகணும், ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10 வரைக்கும் போகலாம். முன்னல்லாம் வட்டமா ஒரு பேப்பர் தகடு மீட்டருக்குள்ள சுத்தும், வேகமும் நின்ன நேரமும் அதுல கோடா கீறி விழும், இப்ப எல்லாம் டிஜிட்டல் கார்டு. அமெரிக்கால 11 மணி நேரம் ஓட்டலாம், ஆனா அது டியூட்டி ஆரம்பிச்ச 14 மணி நேரத்துக்குள்ள முடியணும், 2017 டிசம்பர்ல இருந்து அதை எலக்ட்ரானிக் கருவிதான் எழுதுது, நோட்டுல ரெண்டு கணக்கு எழுதற வேலையெல்லாம் போச்சு. நான் இந்த மாதிரி சட்டத்துக்கு முழுசா ஆதரவு, ஒரு காலத்துல தூங்காம ரெண்டு நாள் ஓட்டினேன்னு பெருமையா பேசுவோம், அப்படிப் பேசின சிலர் இன்னைக்கு உயிரோட இல்ல. ஆனா ஒண்ணு பாருங்க, அந்த 14 மணி நேரக் கடிகாரம் பொதுவா நீங்க குடோன் வாசல்ல நின்னாலும் ஓடிட்டேதான் இருக்கும். அஞ்சு மணி நேரம் வாசல்ல போச்சுன்னா மிச்சம் இருக்கறது 9தான், அப்ப அவன் என்ன பண்ணுவான், மிதிப்பான். காக்க வெச்சவனுக்கு எந்த மீட்டரும் இல்ல, காத்திருந்தவனுக்கு மட்டும் மீட்டர். இதை சரி பண்ணாம விபத்தைக் குறைக்கணும்னு பேசறது எனக்கு ஒத்துக்கவே முடியல.

இப்ப ஒட்டுறவுக்கு வர்றேன். காத்திருப்பை இவ்ளோ திட்டுறேன், ஆனா எங்களுக்குப் பள்ளிக்கூடமும் அதே இடம்தான். வரிசைல நிக்கறப்ப எல்லாரும் கீழ இறங்கி வண்டி நிழல்ல உக்காருவோம், எந்த பாலம் எவ்ளோ உயரம், எந்த இறக்கத்துல எந்த வளைவு மோசம், எந்த இடத்துல ராத்திரி நிறுத்தக் கூடாது, எல்லாம் அங்கதான் காதுல விழும். நான் கத்துக்கிட்டதுல பாதி அப்படி வந்ததுதான். ஒரு பெரியவர், எனக்கு அப்ப இருபத்தி சொச்சம் வயசு, அவருக்கு அறுபதை நெருங்கியிருக்கும், என் வண்டியை சுத்தி வந்து ஒரு இரும்பு ராடால ஒவ்வொரு டயரா தட்டிட்டே போனார். பின்னாடி ஜோடி டயர்ல உள் பக்கத்து டயர்ல காத்து இறங்கியிருந்தா வெளிய இருந்து பாத்தா தெரியவே தெரியாது, வெளி டயர் தாங்கிட்டு நிக்கும், ஆனா ரெண்டு டயர் சுமையை ஒண்ணே சுமந்து சூடாகி நடு ரோட்டுல வெடிச்சிரும். நல்ல டயரைத் தட்டினா ராடு கையில எகிறும், "டங்"னு கேக்கும். காத்து இறங்கினது "தொப்"னு தலைகாணியைத் தட்டின மாதிரி கேக்கும், ராடு எகிறாது. ஆறாவது டயர்கிட்ட வந்து நின்னு என்னைப் பாத்து, "தம்பி, காதைக் குடு"ன்னார், மறுபடி தட்டினார். தொப். அன்னைக்கு அவர் தட்டலைன்னா அந்த டயர் அடுத்த மலை இறக்கத்துல போயிருக்கும்.

இறக்கத்தைப் பத்தியும் அவர்தான் சொன்னார், எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்லயாவது இறங்கு, அதுக்கு மேல போடாதேன்னு. ஏர் பிரேக்குல காத்து போனா வண்டி நிக்காதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது தப்பு. உள்ள ஒரு பலமான ஸ்பிரிங் இருக்கு, காத்துதான் அதை அமுக்கி வெச்சிருக்கு, காத்து போனா ஸ்பிரிங் விரிஞ்சு சக்கரத்தைக் கவ்விக்கும். இறக்கத்துல கொல்றது சூடு. விடாம மிதிச்சுட்டே இறங்கினா சக்கரத்தோட சுத்தற பிரேக் டிரம் சூடாகி விரியும், அதை உரசிப் பிடிக்கற லைனிங் பிடிமானம் போயிரும், அப்ப பெடல் கீழ வரைக்கும் போகும், வண்டி போயிட்டே இருக்கும். கருகின வாடை வந்துச்சுன்னா ஏற்கனவே லேட்டு. அதனால இஞ்சின் பிரேக்கும் சின்ன கியரும்தான் வண்டியைப் பிடிக்கணும், கால் பிரேக் அப்பப்ப தொட்டுட்டு விடறதுக்கு. இந்த காலத்து ஆட்டோமேடிக் கியர் வண்டில இதெல்லாம் பாதி அதுவே பாத்துக்குது, ஆனா எதுக்குன்னு தெரியாம ஓட்டுறவன் ஒரு நாள் மாட்டிக்குவான்.

லைட்டுக்கும் ஒரு பாஷை உண்டு. என்னை ஒரு வண்டி தாண்டிப் போகுதுன்னா, அதோட கடைசி முனை என் மூக்கைத் தாண்டினதும் நான் லைட்டை ஒரு தடவை அடிப்பேன், உன் வால் தாண்டிருச்சு, உள்ள வான்னு அர்த்தம். அவ்ளோ நீள வண்டிக்கு கண்ணாடில மட்டும் பாத்து தூரம் கணிக்கறது சுலபமில்ல, அதுவும் மழைல. அவன் உள்ள வந்து இண்டிகேட்டரை இடமும் வலமும் ஒரு தடவை போடுவான், நன்றின்னு. முகம் கூட பாத்திருக்க மாட்டோம், ஆனா அந்த ராத்திரில அது எவ்ளோ பெரிய தைரியம்னு ஓட்டினவனுக்குத் தெரியும். அமெரிக்காக்காரங்க இதை ரேடியோலயே பண்ணினாங்க. 1973 எண்ணெய் நெருக்கடி வந்து டீசல் கிடைக்காம, வேகத்தையும் மணிக்கு 55 மைலுக்குள்ள கட்டிப் போட்டப்ப, எங்க டீசல் இருக்கு, எங்க போலீஸ் நிக்குதுன்னு சிபி ரேடியோல, அதாவது வண்டிக்கு வண்டி கிட்டத்துல பேசிக்கற ரேடியோல, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாங்க, 19ஆம் சேனல் டிரைவர்களோட சேனலாவே ஆயிருச்சு. முன்னாடி ஆக்சிடென்ட், வேகத்தைக் குறைங்கன்னு பின்னாடி வர்ற அம்பது பேருக்கு ஒரே குரல்ல சொல்ல முடிஞ்சுது.

இப்ப ஆளாளுக்கு போன் இருக்கு. போனைக் குறை சொல்ல மாட்டேன், என் பொண்ணு பொறந்தப்ப நான் மூணாவது நாள்தான் சேதி கேட்டேன், இப்ப இருக்கற பசங்க வீடியோ கால்ல குழந்தையோட முகத்தைப் பாத்துட்டு படுக்கறாங்க, அதுக்கு ஈடு எதுவும் இல்ல. ஆனா வரிசைல நின்னா யாரும் கீழ இறங்கறதில்ல, அவனவன் கேபினுக்குள்ள ஏசியைப் போட்டு ஹெட்போனை மாட்டிக்கறான். காருக்குப் போட்ட மேப்பை நம்பி நம்ம உயரம் நுழையாத பாலத்துக்கு அடியில போய் கூரையைக் கிழிச்சுக்கறவன் இருக்கான், முன்னாடி நிக்கற வண்டிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். ரோட்டோரமா ஜாக்கி போட்டு நிக்கற வண்டியைப் பாத்தா முன்னல்லாம் ரெண்டு பேராவது நிறுத்துவாங்க, இப்ப நிறுத்தறதில்ல. மனசு கெட்டுப் போச்சுன்னு சொல்ல மாட்டேன், பயமும் இருக்கு, தவிர வண்டி 10 நிமிசம் நின்னா ஆபீஸ்ல இருந்து ஏன் நிக்கறன்னு போன் வந்துரும். முகத்தைப் பாக்கற மாதிரி கேமரா வெச்சிருக்காங்க, கொட்டாவி விட்டா கத்துது. உயிரைக் காப்பாத்துதுன்னா இருக்கட்டும், தானா பிரேக் பிடிக்கற கருவியையும் நான் மனசார வரவேற்கிறேன், ஐரோப்பால 2015ல இருந்து புது கனரக வண்டிக்கு அது கட்டாயம். ஆனா நான் தூங்குற கேபினும் அதேதான், வண்டி நின்ன பிறகாவது அந்த கேமரா கண்ணை மூடணும்.

டிரைவரே இல்லாத லாரி வந்துட்டா நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறாங்க. 2025ல டெக்சாஸ்ல டல்லாஸ், ஹூஸ்டன் ரூட்ல அப்படி லோடு ஓட்ட ஆரம்பிச்சாங்க, கொஞ்ச நாள்லயே சீட்டுல ஒரு ஆளை மறுபடி உக்கார வெச்சாங்க. நேர் ரோட்டுல அது நல்லா ஓடும்னு நானும் நம்பறேன். குடோன் வாசல்ல டோக்கன் வாங்கறதுக்கும், தளர்ந்து போன கயித்தை இழுத்துக் கட்டறதுக்கும், உள் டயரைத் தட்டிப் பாக்கறதுக்கும் இன்னும் ரொம்ப நாளைக்கு ஆளு வேணும்.

போன மாசம் ஒரு வரிசைல நின்னேன், முன்னாடி எட்டு வண்டி. வழக்கம் போல ராடை எடுத்துக்கிட்டு என் டயரைத் தட்டிட்டு வந்தேன், பக்கத்து வண்டில ஒரு பையன், 23 வயசு இருக்கும், காதுல ஹெட்போனோட ஜன்னல் வழியா ரொம்ப நேரமா பாத்துட்டே இருந்தான். அப்பறம் ஹெட்போனைக் கழட்டிட்டு இறங்கி வந்து, "அண்ணே, எதுக்கு தட்டுறீங்க?"ன்னான். ராடை அவன் கையில குடுத்தேன், அவன் வண்டியவே தட்டச் சொன்னேன். டங், டங்னு நாலஞ்சு டயர் போச்சு, இடது பக்கம் பின்னாடி உள் டயர்கிட்ட வந்ததும் அவனே நின்னுட்டான், மறுபடி ஒரு தடவை தட்டினான், என்னைத் திரும்பிப் பாத்தான். நான் ஜாக்கி எடுக்கப் போனேன். நாங்க டயர் மாத்தி முடிச்சப்பவும் வரிசைல முன்னாடி ஆறு வண்டி இருந்துச்சு.