கலுங்கு பாய்ந்து வயல் மூழ்கினால் முதல் பத்து நாள் என்ன செய்வது?

கேள்வி: தொண்டிக்கு மேற்கே நாலு ஏக்கர் மானாவாரி நெல். புழுதியில் விதைத்தது, நாற்பது நாள் பயிர். மூன்று நாள் அடைமழையில் கண்மாய் நிறைந்து கலுங்கு (மிகுநீர் வழியும் இடம்) பாய்ந்ததில் பள்ளத்து வயல் இரண்டு ஏக்கர் முழுக்க மூழ்கிவிட்டது. மற்றதில் நுனி மட்டும் தெரிகிறது. ஓடைக்கரைத் துண்டில் நிற்கும் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அரை ஏக்கர் குண்டு மிளகாயும் தண்ணீரில் நிற்கிறது. தண்ணீர் வடிந்ததும் யூரியா வீசச் சொல்கிறார்கள். வீசலாமா?

பதில்: யூரியா மூட்டையை ஒரு வாரத்துக்குப் பிரிக்காதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம். எந்த வயலுக்கு முதலில் ஓடுவது என்பதுதான் இப்போது முக்கியம். பெரிய பரப்பு என்று எல்லோரும் நெல்லுக்குத்தான் ஓடுவார்கள். ஆனால் மிளகாய் முதலில், உப்பு ஏறிய துண்டு அடுத்து, மூழ்கிய நெல் அதன்பின். நுனி தெரியும் நெல் இரண்டு நாள் காத்திருந்தாலும் தாங்கும்.

மிளகாய் வேருக்குக் காற்று வேண்டும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுக ஆரம்பிக்கும். நாலைந்து வரிசைக்கு ஒன்றாக ஒரு அடி ஆழத்தில் வடிகால் வெட்டி, எல்லாவற்றையும் தாழ்ந்த மூலையில் ஒரு குழியில் சேர்த்து அங்கிருந்து இறையுங்கள். ஈரத்தில் செடிக்குப் பக்கத்தில் மிதித்து நடந்தால் கரிசல் மண் இறுகி, மீதியிருக்கும் காற்றும் போய்விடும். வெட்டுகிற ஆள் வடிகாலுக்குள்ளேயே நிற்கட்டும். தண்ணீர் வடிந்ததும் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தண்டடி மண் நனைய ஊற்றுங்கள். மதியம் வாடி மாலையில் நிமிர்கிற செடி பிழைக்கும். விடிகாலையிலும் தலை தொங்கினால் வேர் போய்விட்டது. பிடுங்கி வயலுக்கு வெளியே போடுங்கள்.

ஓடைக்கரைத் துண்டில் இரண்டு சிக்கல்கள் சேர்ந்திருக்கின்றன. பாக் நீரிணைப் பக்கம் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் கூடுதல். வாடைக்காற்று அடித்தால் தண்ணீர் கரையோடு ஒதுங்கி நிற்கும். ஓடை வாய் மணல் மூடிக்கிடந்தால் மழைநீர் வெளியேற வழி கிடையாது. ஆகவே வாமடையை (வயல் தண்ணீர் ஓடைக்குப் போகும் வாயை) இரவு பகலாகத் திறந்து போடுவது ஆபத்து. வற்றத்தில் வடிந்த தண்ணீருக்குப் பதிலாக ஏற்றத்தில் உப்புநீர் உள்ளே வரும். ஏற்ற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கரையில் மீன்பிடிப்பவரைக் கேட்டால் அன்றைய நேரத்தைச் சரியாகச் சொல்வார்.

காவல் காக்க ஆள் இல்லையென்றால் ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம். வாமடையில் ஆறு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றைப் படுக்கப் பதித்துச் சுற்றிலும் களிமண்ணை மிதித்து இறுக்குங்கள். ஓடைப் பக்க வாயில் லாரி டியூப் ரப்பரை வாயைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, மேல் விளிம்பில் மட்டும் கம்பியால் கட்டுங்கள். உள்ளே மட்டம் உயர்ந்தால் ரப்பர் தானே தள்ளித் திறக்கும். வெளியே உயர்ந்தால் வாயோடு ஒட்டி அடைக்கும். ரப்பருக்கு அடியில் குச்சி, சருகு சிக்கினால் அடைக்காது என்பதால் உள்பக்க வாயில் வலைத்துண்டு கட்டிவிடுங்கள்.

உப்பு ஏறிய வயலைக் காயவிடுவது பெரிய தவறு. காயக் காய, அடியிலிருக்கும் உப்பு ஈரத்தோடு மேலே வந்து வேர்ப்பகுதியில் தங்கும். மழை இருக்கும்போதே நல்ல தண்ணீரை இரண்டு அங்குலம் கட்டி, ஒரு நாள் வைத்து வடியுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். கரிப்பை நாக்கால் அளக்காமல், தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன் என்ற அளவைத் தாண்டினால் நெல் மகசூல் குறையத் தொடங்கும், மிளகாய்க்கு 1.5 தாண்டினாலே குறையும். ஜிப்சம் போடுவது களர் (சோடியம் மிகுந்த) மண்ணுக்குத்தான். வெறும் உவருக்கு (கரையும் உப்பு மட்டும் மிகுந்த மண்ணுக்கு) அது வீண்செலவு, நல்ல தண்ணீரால் கழுவுவதே வைத்தியம். உங்கள் மண் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமே இருக்கிறது.

இனி நெல். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 40,000 லிட்டர். ஒரு முழம் தண்ணீரை முழுக்க மோட்டாரால் இறைக்க நினைத்தால் டீசல் செலவு கையைக் கடிக்கும். மேலே சொன்ன ஆறு அங்குலக் குழாய், இரு பக்கமும் அரை அடி மட்ட வித்தியாசம் இருந்தால், மணிக்கு ஏறக்குறைய அந்த 40,000 லிட்டரைக் காசில்லாமல் கடத்தும். அதனால் முதல் வேலை, மேற்கரையில் உடைப்பு இருந்தால் அடைத்து, புதுத் தண்ணீர் வருவதை நிறுத்துவது. இரண்டாவது, கழிவு வாய்க்காலில் படர்ந்த சீமைக்கருவேலையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் வெட்டி இழுப்பது. அதற்கும் வடியாத பள்ளத்துக்கு மட்டும் மோட்டார். வெள்ளத்தில் எலிகள் வரப்பில் குடியேறும். வளையைப் பார்த்து அடைக்காவிட்டால் அடைத்த கரை இரவில் மறுபடி உடையும். கீழ்வயல்காரரிடம் சொல்லாமல் அவர் பக்கம் வெட்டிவிடுவதோ, கலுங்கில் அடுக்கிய மணல்மூட்டையை ஆளில்லாத நேரத்தில் பிரிப்பதோ வேண்டாம். கலுங்கு மட்டத்தைத் தொடுவதென்றால் நீர்வளத் துறைக்குத் தெரிந்து நடக்கட்டும்.

முழுக்க மூழ்கிய வயலை ஒரே மூச்சில் வடிக்கக் கூடாது. தண்ணீருக்குள் காற்று நகரும் வேகம் வெளியில் இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மூச்சுக்குத் தவித்த பயிர், சேர்த்து வைத்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து நீண்டு வளர்ந்திருக்கும். அந்த இலை மெல்லியது. திடீரென்று நல்ல வெயிலில் வெளிப்பட்டால் சாய்ந்து கருகும். முதல் நாள் நுனி தெரியும் வரை, அடுத்த நாள் பாதி உயரம் வரை என்று மாலையில் வடியுங்கள். இலையில் வண்டல் அப்பியிருந்தால் கைத்தெளிப்பானால் வெறும் தண்ணீரை அடித்துக் கழுவினாலே போதும். வெளிச்சம் படாத இலை சோறு சமைக்காது.

பிறகு கணக்கெடுங்கள். வயலில் பத்து இடத்தில் தலா பத்துச் செடி பிடுங்கி, அடித்தண்டை நகத்தால் பிளந்து பாருங்கள். நடுக்குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகிக் கொழகொழத்து நாறினால் இல்லை. இலை மஞ்சளானதை மட்டும் பார்த்துப் பயிரை அழித்துவிடாதீர்கள். நூற்றில் பாதிக்கு மேல் குருத்து உயிரோடிருந்தால் வைத்துக்கொள்ளலாம். தூர் கட்டி நிரப்பிவிடும். சொட்டை விழுந்த இடத்தில், அடர்த்தியான இடத்திலிருந்து செடியைக் கலைத்துப் போக்கு நடவு செய்யுங்கள்.

இப்போது உரம். வடிந்த மறுநாள் வேர் வேலை செய்யாது. அன்று வீசிய யூரியாவில் ஒரு பகுதி வழிந்தோடும், ஒரு பகுதி காற்றில் போகும். பயிர் உறிஞ்சும் கொஞ்சம் தழைச்சத்தும் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் விருந்தாகும். புது வெள்ளை வேரும் புது இலையும் தெரிய ஐந்திலிருந்து ஏழு நாள் ஆகும். அதுவரை இலைவழியாக மட்டும் கொடுங்கள். வெயில் தெரிந்தவுடன் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட், 200 லிட்டர் தண்ணீர். இதோடு டி.ஏ.பி. என்ற மணிச்சத்து உரத்தைச் சேர்த்தால் துத்தநாகமும் மணிச்சத்தும் கட்டியாகி அடியில் படியும், தெளிப்பான் மூக்கும் அடைக்கும். வேர் விட்டபின் 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கைக் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து ஏக்கருக்கு இடுங்கள். இந்த ஜிப்சம் களருக்கல்ல. யூரியா மெல்லக் கரைவதற்குத் துணையாகவும் கந்தகச் சத்துக்காகவும் சேர்க்கிறோம். அப்போது வயலில் தண்ணீர் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கட்டும்.

வடிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மூழ்கும் இதே வயல்தான் தையில் கதிர் வரும் நேரத்தில் வெடித்துக் கிடக்கும். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மானாவாரி நெல்லைக் கெடுப்பது பெரும்பாலும் வெள்ளம் அல்ல, பின்பருவ வறட்சிதான். வயலில் இரண்டு அங்குலம் நிறுத்திக்கொண்டு மிச்சத்தைப் பண்ணைக்குட்டைக்கோ ஊருணிக்கோ திருப்ப வழி இருந்தால் திருப்புங்கள். உப்பு ஏறிய தண்ணீரை மட்டும் அங்கே சேர்க்க வேண்டாம்.

பாதிக்குமேல் செத்துவிட்ட வயலில் உடனே மறுபடி நெல் விதைக்கத் தோன்றும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் அண்ணா (ஆர்) 4 போன்ற குறுகிய கால ரகமே நூறு நாளுக்கு மேல் ஓடும். கார்த்திகையில் விதைத்தால் பங்குனி வரை தண்ணீர் வேண்டும். கண்மாய் மடைப் பாசனம் உறுதி என்றால் மட்டும் அதில் இறங்குங்கள். இல்லையேல் ஈரம் பதமாகும் வரை பொறுத்து உளுந்து போடலாம்: ஏக்கருக்கு 8 கிலோ விதை, வம்பன் 8 ரகம் என்றால் 65–75 நாள். உப்புத் துண்டுக்கு உளுந்து ஒத்துவராது. வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 பற்றியும் சிலர் சொல்வார்கள். மூழ்கி இரண்டு வாரம் தாங்குவது உண்மை. ஆனால் 150 நாளைத் தாண்டும் ரகம், மானாவாரிக்கு ஆகாது.

காப்பீடு செய்திருந்தால் வயல் மூழ்கிய 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ பதிவு செய்யுங்கள். தனி வயல் அளவில் நெல் மூழ்கிய இழப்பைக் கணக்கிடுவதை 2018-ல் நீக்கியிருந்தார்கள். 2026 காரிப் பருவம் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. உங்கள் பருவத்துக்கும் பயிருக்கும் அது பொருந்துமா என்று உதவி வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டாலும் பதிவு செய்து வைப்பதில் நட்டமில்லை. அரசு நிவாரணம் இதிலிருந்து தனி; 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று வருவாய், வேளாண் துறைகளின் கூட்டுக் கணக்கெடுப்பில் பதிவாக வேண்டும். அதனால் தண்ணீர் வடியும் முன்பே வரப்பில் நின்று, இடமும் தேதியும் பதியும்படி நாலு மூலையிலும் படம் எடுத்துவிடுங்கள். அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகலும் விதைப்புச் சான்றும் வாங்கக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கும்போது, மிளகாயையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். நெல்லோடு சேர்த்து எழுதிவிட்டால் மிளகாய் இழப்பு கணக்கில் வராது.