மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவப்பது ஏன்?

தைப்பூசக் காவடி முடிந்த மறுநாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பல வீடுகளில் எழும் கேள்வி இது. மஞ்சள் நீர் பட்ட வேட்டியில் சோப்பைத் தேய்த்தால், கறை ரத்தச் சிவப்பாகிவிடுகிறது.

மஞ்சள் கிழங்குக்கு நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். அமிலத்திலும் சாதாரண நீரிலும் அது மஞ்சளாகவே இருக்கும். காரத்தன்மை ஏறினால் சிவக்கும். துணி சோப்பு காரத்தன்மை கொண்டது. கறையில் அது பட்டதும் குர்குமின் மூலக்கூறு தன்னிடமுள்ள ஹைட்ரஜனில் ஒரு பங்கை இழக்கிறது. அதனால் அதனுள் எலக்ட்ரான்களின் அமைப்பு மாறி, அதுவரை நீல ஒளியை உறிஞ்சியது இப்போது பச்சை ஒளியையும் உறிஞ்சுகிறது. மிஞ்சி நம் கண்ணுக்கு வருவது சிவப்பு. வீணைத் தந்தியின் முறுக்கை மாற்றினால் சுரம் மாறுவது போலத்தான்: தந்தி அதேதான், ஒலி வேறு.

முறுக்கைத் திருப்பவும் முடியும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விடுங்கள், மஞ்சள் மீண்டும் வரும். ஒரு பள்ளி ஆய்வுக்கூடம் காட்டும் அமில, காரச் சோதனை நம் துவைக்கும் கல்லிலேயே நடக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்ட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமம் ஆவதும் இதே வேதியியல்தான்.

கறை போக வேண்டுமானால், அலசிய துணியை வெயிலில் காயவிடுங்கள். ஒளி குர்குமினைச் சிதைத்துவிடும். தைப்பூச மாதங்கள் இங்கே கோடை என்பதால் வெயிலுக்குக் குறைவில்லை.

சோப்பில் சிவந்தால் மஞ்சள்தூளில் கலப்படம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, தூய மஞ்சளும் சோப்பில் சிவக்கும், மெட்டானில் மஞ்சள் என்ற கலப்படச் சாயமோ வலுவான அமிலத்தில்தான் நிறம் மாறும்.