சுருங்கினால் எளியதா?

வணக்கம். ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுத்தொடரை ஜிஜிப்பில் (gzip, கோப்புகளைச் சுருக்கும் நிரல்) சுருக்கினேன். 28 சதவீதமாகக் குறைந்தது. ஒரு தமிழ் நாவல் 17 சதவீதம் வந்தது. அப்படியானால் நாவலைவிடப் பாக்டீரியாதான் சிக்கலானதா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சதவீதத்தை விட்டுவிடுங்கள், பிட் கணக்குக்கு வாருங்கள். உங்கள் கோப்பில் மரபணுத்தொடரின் நான்கு எழுத்துகளான ஏ, சி, ஜி, டி ஒவ்வொன்றும் 8 பிட், அதாவது ஒரு பைட், பிடிக்கிறது. நான்கே எழுத்துக்கு 2 பிட் போதும். அதாவது எந்தச் சாமர்த்தியமும் இல்லாமல் அடுக்கினாலே 25 சதவீதம். ஜிஜிப் தந்தது எழுத்துக்கு 2.24 பிட், வெறும் அடுக்கலைவிட மோசம்!

தமிழில் கதையே வேறு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'கி' என்பது 'க'வும் இகரக் கொக்கியுமாக இரண்டு குறி, ஆக 6 பைட். ஒரு குறியின் மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. ஜிஜிப் பெரும்பாலும் இந்த வெற்றிடத்தைத்தான் பிழிந்தது. 24 பிட்டில் 17 சதவீதம் என்றால் குறிக்கு ஏறத்தாழ 4 பிட். (இடைவெளிக்கு ஒரு பைட்தான் என்பதால் இது தோராயம்.) உங்கள் வரிசை தலைகீழாகிவிட்டது, பார்த்தீர்களா?

அதையும் நம்ப வேண்டாம், எழுத்துகளின் எண்ணிக்கையே வேறு. ஒவ்வொரு கோப்பையும், எழுத்து வரிசையைக் கண்டபடி மாற்றிக் குலுக்கிய அதன் பிரதியையும் சுருக்கி ஒப்பிடுங்கள். நாவலைக் குறி குறியாகக் குலுக்குங்கள். பைட் பைட்டாகக் குலுக்கினால் எழுத்தே சிதைந்துவிடும். குலுக்கிய நாவலின் சுருக்கம் வெகுவாகப் பெரிதாகும்; பாக்டீரியா அநேகமாக அசையாது. அதற்காக அதில் ஒழுங்கில்லை என்று பொருளல்ல. ஜிஜிப் 32 கிலோபைட்டுக்கு அப்பால் திரும்பிப் பார்ப்பதில்லை. டி.என்.ஏ.வின் எதிர் இழையில் (ஏவுக்கு டி, சிக்கு ஜி என இணையாகி, பின்னிருந்து படிக்கப்படுவது) மீண்டும் வருவதும் அதற்குத் தெரியாது: 'ஏஏசிஜி'யும் 'சிஜிடிடி'யும் ஒன்றின் இரு முகம் என்று அதற்கு யார் சொல்வது? டி.என்.ஏ.வுக்கென எழுதிய சுருக்கிகள் இதையும் தேடும்.

சுருக்கும் முன் தலைப்பு வரி, வரி முறிவு, 'என்' (N, இன்னதென்று தெரியாத எழுத்து) தொடர்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். சிற்றெழுத்தையும் பேரெழுத்தாக்குங்கள், இல்லையேல் நான்கு எழுத்து எட்டாகிவிடும்.

தொடரைச் சிறு துண்டுகளாக எண்ணி ஷானன் என்ட்ரோபி (ஊகிக்க முடியாமையைப் பிட்டில் சொல்லும் அளவு) கணக்கிடுவோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 12 எழுத்துத் துண்டுகளில் 1,67,77,216 வகை; உச்சம் 24 பிட். ஈ.கோலையில் இருப்பதோ சுமார் 46 லட்சம் எழுத்து, துண்டும் அவ்வளவே, அதனால் 22.2 பிட்டைத் தாண்டவே முடியாது. முழுக்கத் தற்செயலான தொடரிலும் அந்தக் குறைவு 'ஒழுங்கு' போலத் தெரியும். இந்த நீளத்துக்கு 8 எழுத்தோடு நிறுத்துங்கள்: 65,536 வகை, ஒவ்வொன்றும் சராசரியாக 70 முறை வரும்.

இவையெல்லாம் அளப்பது சிக்கலை அல்ல, அடுத்த எழுத்தை ஊகிக்க முடியாமையை. குரங்கு தட்டச்சு செய்ததற்கே இதில் முதல் மதிப்பெண்.