மூன்று மூட்டை அரிசி

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 59 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சபையின் கமிட்டியில் பல வருடம் இருந்தவன். சென்னையில் வேலை பார்க்கும் என் 26 வயது மகன் ஆலயத்துக்குப் போவதையே விட்டுவிட்டான். குடிப்பதாகவும் கேள்வி. கிறிஸ்துமஸுக்கு வந்தவன் அதிகாலை ஆராதனைக்கு எழுந்திருக்கவில்லை. தேவனை விட்டு விலகினால் மனிதன் எவ்வளவு கெட்டுப்போவான் என்பது அவனுக்கு உறைக்கட்டும் என்று, அன்றிரவு குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தின் ரோமர் முதல் அதிகாரத்தை முழுவதும் வாசித்தேன். முடித்ததும், "சபை விருந்துக்கு, அந்த அசனத்துக்கு வந்த அரிசி 12 மூட்டை. நீங்கள் கையெழுத்துப் போட்ட பில்லில் 15, அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு இரவு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். அவன் பள்ளியில் படித்த காலத்து விஷயம், எப்போதோ முடிந்துபோனது. ஒரு மாதமாக எனக்குத் தூக்கமில்லை. இவனை எப்படித் திருத்துவது?

பெயர் வெளியிட விரும்பாத தந்தை

அன்புள்ள ஐயா,

அந்த மூன்று மூட்டைகளை நீங்கள் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்குத் தாண்ட முடியவில்லை. மகன் சொன்ன கணக்கை நீங்கள் மறுக்கவும் இல்லை.

தேவனை அறிந்தும் அவரை மகிமைப்படுத்தாதவர்களை அவர் "ஒப்புக்கொடுத்தார்" என்று அந்த அதிகாரத்தில் மூன்று முறை வருகிறது. பிறகு வரும் பட்டியலில் 'பெற்றாருக்குக் கீழ்ப்படியாதவர்கள்' உண்டு. அதைச் சற்று அழுத்தியே வாசித்திருப்பீர்கள். பொருளாசையும் வஞ்சகமும் அதற்கு முன்பே வந்துவிடுகின்றன. பவுல் ரோமருக்கு எழுதிய அந்தக் கடிதத்தில் அதிகாரப் பிரிவு கிடையாது. அது 13ஆம் நூற்றாண்டில் போட்டது. நீங்கள் நிறுத்திய இடத்தில் அவர் நிறுத்தவில்லை. மற்றவனுக்குப் போதிக்கிறவன் பக்கம் திரும்பி, "களவுசெய்யக்கூடாதென்று பிரசங்கிக்கிற நீ களவுசெய்யலாமா?" என்று கேட்கிறார் (2:21).

மகன் ஆலயத்தை விட்டதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். குடியைப் பற்றியும் ஒருநாள் பேசத்தான் வேண்டும். ஆனால் பன்னிரண்டையும் பதினைந்தையும் இத்தனை வருடம் மனதில் சுமந்தவருக்கு மனசாட்சி மரத்துப்போகவில்லை. நீங்கள் அனுப்பிவைத்த ஓய்வுநாள் பள்ளிக்கும், அந்த ஞாயிறு வேத வகுப்புக்கும், அதில் பங்கிருக்கலாம்.

தூக்கத்துக்கு மருத்துவரைப் பாருங்கள். மகனுக்குப் போன் செய்து, "நீ சொன்னது உண்மை, தப்பு என்னுடையது" என்பதோடு நிறுத்துங்கள். "இருந்தாலும் நீ" என்று தொடங்க நாக்கு துடிக்கும். அந்த அழைப்பில் வேண்டாம். மூன்று மூட்டைக்கு இன்றைய விலையைச் சபையில் கட்டி ரசீது வாங்குங்கள். அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பாதீர்கள். அவராகக் கேட்டால் காட்டலாம்.