அம்மா ‘தாயி’ என்கிறாரே!

கேள்வி: எனக்கு 34 வயது. திருநங்கை. என் முதல் கவிதைத் தொகுப்பு அச்சுக்குத் தயார். அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். “அப்பா வச்ச பேரையே அட்டையில போடு, ஊர்ல அம்மாவைத் தலைகுனிய வைக்காதே” என்கிறார் அண்ணன். ராயல்டியும் அவர் கணக்குக்கே போகும்படி ஒப்பந்தம் வந்திருக்கிறது. இரவில் அம்மாவுக்குப் போனில் கவிதை படித்துக் காட்டுவேன். பூக் கட்டிக்கொண்டே கேட்பார். “கடைசி வரிய இன்னொருக்காச் சொல்லு தாயி” என்பார். அவர் மனம் நோகக் கூடாது. பழைய பெயரிலேயே போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்கள் பக்கத்தில் யாரைத் ‘தாயி’ என்று கூப்பிடுவார்கள்? மகனையா? அந்தச் சொல்லைப் போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அம்மா மனம் நோகும் என்கிறீர்களே, எப்படி மனம் வந்தது? அவர் உங்களை மகளாக ஏற்றுக் கொண்டாயிற்று. கூச்சம் அண்ணனுக்கு. அதை அம்மா தலையில் கட்டாதீர்கள். பெற்றவளுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேண்டாம். உங்கள் பெயர் கூசுகிறவருக்கு உங்கள் காசு மட்டும் கூசவில்லையா?

அண்ணன் மகளுக்கு அத்தை முறையில் செய்ய வேண்டியதைக் குறைவில்லாமல் செய்யுங்கள். அது கடமை. பெயரை விட்டுக்கொடுப்பது அதில் சேராது.

அட்டையில் நீங்கள் விரும்பும் பெயரைப் போட அரசிதழில் பெயர் மாற்றியிருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் மட்டும் பான் அட்டையில் உள்ள பெயரையும், ‘இன்ன பெயரில் எழுதுபவர்’ என்ற குறிப்பையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பணம் உங்கள் கணக்குக்கே வரட்டும். கணக்கு பழைய பெயரில் இருந்தாலும் பரவாயில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கவிதை எழுதியவருக்கே சொந்தம், பதிவுகூடத் தேவையில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்காமல் உரிமை கைமாறாது. அதனால் போடும் கையெழுத்தில்தான் கவனம் வேண்டும். உரிமை எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். ‘நிரந்தரமாக’ என்று இருந்தால் அடித்துவிட்டு 3 ஆண்டு என்று எழுதச் சொல்லுங்கள்.

பழைய பெயரில் ஒருமுறை அச்சாகிவிட்டால் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணின் பதிவு, நூலக அட்டவணை, விருதுக்குப் போகும் படிவம் எல்லாம் அந்தப் பெயரிலேயே நிற்கும். மாற்ற வேண்டுமென்றால் மறுபதிப்பு வர வேண்டும். முதல் அச்சு விற்றுத் தீராமல் எந்தப் பதிப்பாளரும் கவிதை நூலை மறுபடி அச்சிட மாட்டார். திருநங்கை எழுத்தாளர்களான ரேவதி, லிவிங் ஸ்மைல் வித்யா, கல்கி சுப்ரமணியம் எல்லோரும் தாங்கள் தேர்ந்த பெயரில்தான் தமிழில் எழுதினார்கள். உங்களுக்கு மட்டும் என்ன தடை?

ஒப்பந்தத்தைத் திருத்தி இந்த வாரமே திருப்பி அனுப்புங்கள். அச்சுக்கு முன் பிழை பார்க்க மெய்ப்பு வந்ததும், இரவில் அம்மா பூக் கட்டும் நேரத்தில், முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டுங்கள். தலைப்புக்குக் கீழே இருக்கும் உங்கள் பெயரையும் சேர்த்து.