டர்போ, கேம், ஹெட் எல்லாம் மாற்றிய எஞ்சினுக்கு எந்த டைமிங் பெல்ட் போடுவது?

பூஸ்ட்டை (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தை) ஏற்றியிருக்கிறீர்கள், லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) கூடிய கேமும் விறைப்பான வால்வு ஸ்பிரிங்கும் போட்டிருக்கிறீர்கள், ஹெட்டின் அடிப்பரப்பையும் கொஞ்சம் சீவியாகிவிட்டது. இனி கம்பெனி பெல்ட்டே தாங்குமா, ரேஸிங் பெல்ட் வாங்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

டைமிங் பெல்ட் எஞ்சினின் பவரைச் சுமப்பதில்லை. பிஸ்டனிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் விசை அதன் பக்கமே வராது. கிராங்க்ஷாஃப்ட்டிலிருந்து (கிராங்க்) சுழற்சியை எடுத்து, அது சுற்றுவது வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டை (கேம்). பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பையும், சிலவற்றில் ஆயில் பம்ப்பையும் சேர்த்துச் சுற்றும். ஆகவே பவர் கூடியது என்பதற்காக மட்டும் தடித்த பெல்ட் தேவைப்படாது. பெல்ட்டை வாட்டுபவை ஸ்பிரிங்கின் விறைப்பு, ஆர்.பி.எம்., சூடு ஆகிய மூன்றுதான். கேம் லோப் (கேமில் உள்ள புடைப்பு) வால்வை அழுத்தும்போது பெல்ட் இழுபடும். லோப்பின் உச்சி தாண்டியதும் ஸ்பிரிங் கேமை முன்னால் தள்ள, இழுவை சட்டென்று தளரும். இந்த இழுப்பும் தளர்வும் மாறி மாறி வந்துதான் பல்லின் அடிப்பகுதியைத் தின்கின்றன. ஸ்பிரிங் விறைத்தால் ஒவ்வொரு இழுப்பும் பெரிதாகும். ரெட்லைனை (எஞ்சினுக்கு அனுமதிக்கும் உச்ச ஆர்.பி.எம்.) ஏற்றினால் அது இன்னும் வேகமாக நடக்கும், நீளமான பகுதியில் பெல்ட் படபடக்கவும் தொடங்கும்.

என் தீர்ப்பு இது. பூஸ்ட் மட்டும் கூட்டி, கேமும் ரெட்லைனும் பழையபடியே இருந்தால், எஞ்சின் கம்பெனிக்கு சப்ளை செய்யும் தயாரிப்பாளரின் புது பெல்ட் போதும். உங்களைப்போல ஸ்பிரிங்கையும் கேமையும் மாற்றியவர்களுக்கு வலுவூட்டிய பெல்ட் நியாயமான செலவு. ரப்பர், சூடு தாங்கும் ஹெச்.என்.பி.ஆர். வகையாக இருக்க வேண்டும். பழைய நியோப்ரீன் வகை ரப்பர் டர்போ பக்கத்துச் சூட்டில் சீக்கிரம் இறுகி வெடிக்கும். உள்ளே ஓடும் இழை எவ்வளவு வலுவானது என்று மட்டும் பார்க்காதீர்கள். பல் பெயர்ந்துவிட்டால் இழை அறுபடாமல் இருந்தும் பயனில்லை. பல்லின் மேலுறைத் துணியும் ரப்பரோடு அது ஒட்டியிருக்கும் பிடிப்பும் அதே அளவுக்கு முக்கியம். நீலம், சிவப்பு என்ற நிறம் தரத்தைச் சொல்லாது.

பல்லின் எண்ணிக்கை, பிட்ச் (ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரம்), வடிவம், அகலம் நான்கும் புல்லியோடு பொருந்த வேண்டும். 8 மி.மீ. பிட்ச்சும் 9.525 மி.மீ. பிட்ச்சும் கார்களில் உண்டு. ஒரே பிட்ச்சிலேயே உருண்டைப் பல்லும் சரிவகப் பல்லும் உண்டு. வேறு வடிவம் முதலில் உட்கார்ந்துவிடும், ஓட ஓடத்தான் பல்லை அரைக்கும். சில எஞ்சின்களில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். அதற்குரிய ரப்பர் தனி. அங்கே உலர் பெல்ட் போடவே கூடாது.

ஹெட் சீவியதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ஹெட் தாழ்ந்தால் கிராங்குக்கும் கேமுக்கும் இடைவெளி குறையும், கேம் பின்தங்கும். கேம் புல்லிக்கு 48 பல், பிட்ச் 8 மி.மீ. என்றால் சுற்றளவு 384 மி.மீ. பெல்ட்டின் இழுபக்கம் நேராக மேலேறும் எஞ்சினில் 0.5 மி.மீ. சீவினால் கேம் ஏறக்குறைய அரை டிகிரி, கிராங்க் கணக்கில் ஒரு டிகிரி பின்தங்கும். மெல்லிய ஹெட் கேஸ்கட் போட்டிருந்தால் அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். புல்லியின் டைமிங் குறி சற்றே தள்ளி நிற்கிறதே என்று ஒரு பல் மாற்றிப் போட்டால் கிராங்கில் 15 டிகிரி தவறிவிடும். இதைச் சரிசெய்ய அட்ஜஸ்டபிள் கேம் புல்லியும், கிராங்கின் கோணத்தை அளக்கும் டிகிரி வீலும்தான் வழி. இரு பக்கமும் சேர்த்து மிஞ்சும் தளர்வை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் விழுங்க வேண்டும். அதன் எல்லைக்குள் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மிட்சுபிஷி 4ஜி63 எஞ்சினில் ஹைட்ராலிக் டென்ஷனரின் கம்பி 3.8 முதல் 4.5 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். கிராங்கை இரண்டு சுற்று சுற்றி, 15 நிமிடம் விட்டு அளப்பார்கள். அதே எஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கென்று சின்ன பெல்ட் ஒன்று தனியே உண்டு. அது அறுந்து டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால் எல்லாம் போய்விடும், அதனால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பெல்ட் தானாக அறுவதைவிட, வேறொன்று அதை அறுப்பதே அதிகம். பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் உருளையின் பேரிங் இறுகும், வாட்டர் பம்ப் கசியும், கேம் சீலிலிருந்து ஆயில் சொட்டி ரப்பரை ஊதவைக்கும். இந்த இடத்தில் மட்டும் பூஸ்ட் நேராகத் தொடர்புபடும்: பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் வாயு கிராங்க் கேஸில் அழுத்தத்தைக் கூட்ட, சீல் வழியே ஆயில் தள்ளப்படும். விலை உயர்ந்த பெல்ட் வாங்கிவிட்டு, அந்த வாயுவை வெளியேற்றும் பிரீதரைச் சரிசெய்யாமல் விடுவது பணத்தை ஆயிலில் ஊறப்போடுவது. கேம் சீல், கிராங்க் சீல், ஐட்லர், டென்ஷனர், பெல்ட்டில் ஓடினால் வாட்டர் பம்ப்பும், எல்லாம் ஒரே தடவையில் புதிதாகட்டும். ஆயில் பட்ட பெல்ட்டைத் துடைத்து மறுபடி போடாதீர்கள்.

மாட்டும்போது பெல்ட்டை மடக்கவோ உட்புறம் வெளியே வரத் திருப்பவோ வேண்டாம். கண்ணாடி இழை உள்ளே முறிந்தால் வெளியே தெரியாது. ஹைட்ராலிக் டென்ஷனரை வைஸில் வைத்து மெதுவாக அழுத்திப் பின் போடுங்கள்; வேகமாக அழுத்தினால் உள் சீல் கெடும். டென்ஷனை எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே பாருங்கள். அலுமினியம் சூட்டில் விரிவதால் ஓடும்போது பெல்ட் இறுகும். குளிரிலேயே விறைப்பாக வைத்தால் ஊளைச் சத்தம் வரும், பேரிங் போகும். தளர்த்தி வைத்தால், அதிலும் இந்த விறைத்த ஸ்பிரிங்கோடு, ஸ்டார்ட் செய்யும்போதே பல் தாவலாம். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றிக் குறிகளைப் பாருங்கள். எங்காவது உலோகம் இடிப்பதுபோல் நின்றால் பலவந்தப்படுத்தாதீர்கள்.

பெரிய கேம் போட்டதால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியையும் களிமண் வைத்து அளந்தாக வேண்டும். ஹெட் சீவியதும் அதே இடைவெளியைத்தான் குறைக்கிறது. இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. பொதுவாக வைக்கும் குறைந்தபட்சம். பெல்ட் அறுந்தாலும் வால்வு பிழைக்கும் எஞ்சினாக இருந்திருந்தாலும், இந்த மாற்றங்களுக்குப் பிறகு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பாதீர்கள்.

எந்த பெல்ட் போட்டாலும் கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள். கேம் புல்லி தெரிய வேண்டும் என்று கவரைக் கழற்றி ஓட்டுகிறவர்கள் கவரைத் திரும்ப மாட்டுங்கள்; ஒரு சின்னக் கல் பல்லுக்கும் புல்லிக்கும் நடுவில் புகுந்தால் போதும், பெல்ட் தாவிவிடும்.